கடவுளுக்கே டேக் மாட்டியவர்

தாம்பரத்துக்குத் தெற்கே குறை சொல்லாத மனிதர் யாரும் கிடையாது. தண்ணீர், ரோடு, கொசு என்று ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருப்போம். ஆனால் கடவுள் விஷயத்தில் ஒரு குறையைக் கண்டுபிடித்து, தேதி போட்டு எழுதி, அட்டையில் நூல் கோத்து, மாதா கோயில் கதவிலேயே மாட்டிவிட்டு வந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். செம்பாக்கத்தில் நான் நாலு வருஷம் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். தெருவுக்கெல்லாம் அவர் டேக் சார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும் வரும்.

மறைமலை நகரில் காருக்கு பிரேக் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் க்யூ.சி.யில் இருந்தவர். செய்து முடித்த பாகத்தை அளந்து பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்லும் வேலை. அதற்கு டேக் என்று மூன்று நிறத்தில் அட்டை உண்டு. பச்சை கட்டினால் பாகம் வண்டிக்குப் போகலாம். சிவப்பு கட்டினால் கழிவுத் தொட்டிக்கு. மஞ்சள் கொஞ்சம் விசேஷமானது. ட்ராயிங்கில் போட்டிருக்கும் அளவுக்குப் பாகம் ஒத்து வராது, ஆனால் வண்டியில் மாட்டினால் ஒழுங்காக ஓடும். அப்படிப்பட்டதைத் தூக்கிப் போட மனசு வராமல், பெரியவர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கி, கெடு போட்டு உள்ளே விடுவார்கள். இதற்குப் பெயர் டீவியேஷன். கெடு முடிந்தால் மறுபடி எழுதி வாங்க வேண்டும்.

ரிட்டயர் ஆகும்போது கம்பெனியில் அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அவர் கேட்டு வாங்கிக்கொண்டது மூன்று கட்டு அட்டை. அதோடு அளவு பார்க்கும் வெர்னியர் ஒன்றும் எப்போதும் பேன்ட் பையில் இருக்கும். நான் குடி வந்த முதல் நாளே என் பீரோவின் கால் ஒன்று குட்டை என்று சிவப்பு அட்டை கட்டினார். பால்காரரின் கேன், பக்கத்து வீட்டு கேட், ஏரிக்கரையில் போட்ட சிமென்ட் பெஞ்சு எல்லாம் ஒவ்வொரு நாளில் சிவப்பு வாங்கியவைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லியின் உயரத்தை அளக்க வெர்னியரை எடுத்தார். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா அதை வாங்கி, இட்லிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டார். வெந்த வெர்னியர் சரியான அளவு காட்டாது என்பது அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

இந்த மனிதருக்குச் சாமி விஷயம் பிடித்துக்கொண்டதற்கு ஜெர்மனிதான் காரணம். வேலையில் இருந்தபோது அளவு பார்க்கும் புது மெஷினைக் கற்றுக்கொள்ள ஐந்து பேரைக் கம்பெனி மூன்று வாரம் அங்கே அனுப்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்ற நாலு பேரும் பழைய கார்களைப் பார்க்கப் போய்விட்டார்கள். இவர் பூசைக்குக் கோயில் தேடி ரயிலேறி, ஏதோ ஒரு சின்ன கிராமத்தில் இறங்கியிருக்கிறார். கோயில் நம் ஊர் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் அளவுதானாம். பூசை முடிந்துவிட்டிருந்தது. கதவைப் பூட்ட வந்த அம்மாள் இவரைப் பார்த்துப் பாவப்பட்டு உள்ளே விட்டாள்.

மேலே கூரை வளைவில் பல நூறு வருஷத்துக்கு முந்தைய ஓவியம். வெள்ளைத் தாடியோடு பிதா. கறுப்புத் தாடியோடு மகன். வழக்கமாக மூன்றாவதாக, பரிசுத்த ஆவிக்கு அடையாளமாக ஒரு புறா பறக்கும். அங்கே புறா இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில், தாடி இல்லாத மிருதுவான முகத்தோடு, கூந்தல் தோளில் விழ, ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மூன்று பேரையும் ஒரே போர்வை சுற்றியிருந்தது. இவருக்கு ஜெர்மன் தெரியாது, அந்த அம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் இருப்பதைக் காட்டி “மதர்?” என்று கேட்டிருக்கிறார். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தோளைக் குலுக்கிச் சிரித்தாளாம்.

அது பெண்ணே இல்லை, தாடி இல்லாத முகம்தான் என்று சொல்கிற பண்டிதர்களும் இருக்கிறார்கள். அதையும் அவரே சொல்லிவிடுவார். தனக்குப் பிடிக்காத ரீடிங்கை மறைப்பது க்யூ.சி. தர்மத்துக்கு விரோதம். ஆனாலும் அந்த ஓவியத்தின் போட்டோவை லேமினேட் செய்து சட்டைப் பையில் பேனாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். காட்டும்போதெல்லாம் ஒரே வாக்கியம்தான்.

“ட்ராயிங்லயே இருந்திருக்கு சார். யாரோ பின்னாடி மாத்தியிருக்காங்க.”

ஊர் திரும்பிய முதல் வாரம்தான் கோயில் கதவில், கம்பெனியிலிருந்து எடுத்துவந்த அந்தச் சிவப்பு அட்டை ஏறியது. பீடத்துக்குப் பின்னால் இருந்த மூவொரு கடவுள் படத்துக்கானது. ‘குறை: தாய் காணவில்லை’ என்று எழுதியிருந்தது. பங்கு ஃபாதர் இளவயது, பொறுமைசாலி. அட்டையை அவிழ்த்துத் தன் செபப் புத்தகத்தில் பக்க அடையாளமாக வைத்துக்கொண்டார். கோபித்துக்கொண்டிருந்தால் டேக் சார் அதோடு விட்டிருப்பாரோ என்னவோ.

கத்தோலிக்கர்கள் தெருவுக்குத் தெரு அன்பியம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இருபது முப்பது குடும்பம் வாரம் ஒரு சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, வேதம் வாசித்து, ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசி, டீ குடித்துவிட்டுக் கலைவார்கள். டேக் சார் வீட்டு முறை வரும்போது, விபூதி வைத்துக்கொண்டிருக்கும் என்னையும் கீழே இழுத்துவந்து உட்கார வைப்பார். நான் வெளி ஆடிட்டராம். உள்ளே இருப்பவர்கள் சொல்வதை மட்டும் வைத்து எந்தக் கம்பெனிக்கும் சர்ட்டிபிகேட் கிடைக்காது என்பது அவர் வாதம். அதனால் கிறிஸ்தவ வரலாற்றில் தாய்மைக்கு நேர்ந்த அத்தனை ரிஜெக்ஷனும் எனக்கு மனப்பாடம்.

மகதலா மரியா கேஸ் அவருக்கு ரொம்பப் பிடித்தது. உயிர்த்தெழுந்தவரை முதலில் பார்த்தவள் அவள். அவள் மேல் வேறொரு பாவியின் கதையை ஏற்றி, பல நூறு வருஷம் நடத்தை கெட்டவள் என்றே பிரசங்கம் செய்தார்கள். இவர் பாஷையில் சொன்னால், இன்னொரு பாகத்தின் ஸ்டிக்கரைக் கொண்டுவந்து நல்ல பாகத்தின் மேல் ஒட்டிவிட்டார்கள். அப்புறம் ஞானம். படைப்பு நடக்கும்போது கடவுளுக்குப் பக்கத்தில் ஞானம் ஒரு பெண்ணாக இருந்தாள் என்று வேதத்திலேயே வருகிறது, அவளை ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டியது யார் என்று கேட்பார். சிரியா பக்கத்துப் பழைய கிறிஸ்தவர்கள் பரிசுத்த ஆவியை அம்மா என்று கூப்பிட்டு வேண்டியது. இங்கிலாந்தில் கோயில் சுவரை ஒட்டிய அறையில் தன்னை அடைத்துக்கொண்டு வாழ்ந்த ஒரு பெண் இயேசுவையே தாய் என்று எழுதியது. கோழி குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்ப்பது போல உங்களைச் சேர்க்க ஆசைப்பட்டேன் என்று அந்த இயேசுவே சொன்னது. சேவல் என்று ஏன் சொல்லவில்லை என்று என்னை முறைப்பார். டீ ஆறிப்போகும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே எபேசு, இன்றைய துருக்கியில் இருந்த பழைய ஊர். அந்த ஊரில் ஏற்கெனவே ஒரு பெண் தெய்வத்துக்கு உலக அதிசயமாகக் கோயில் இருந்தது. ஜனங்களுக்கு அம்மா இல்லாமல் பழக்கமில்லை. கிறிஸ்தவம் வந்து வெகுகாலம் கழித்து, மரியாளைக் கடவுளின் தாய் என்று சொல்லலாமா கூடாதா என்று ஆயர்கள், அதாவது பிஷப்புகள், அங்கே கூடிச் சண்டை போட்டார்கள். சொல்லலாம் என்று முடிவானதும், வெளியே காத்திருந்த ஊர் ஜனம் தீவட்டி பிடித்து ஆயர்களைத் தங்கும் இடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டதாம்.

“அதான் சார் முதல் டீவியேஷன். ட்ராயிங்ல அம்மா கிடையாது. ஜனங்க விடல. மஞ்சள் கட்டி உள்ள விட்டுட்டாங்க. அன்னியிலேருந்து புதுப்பிச்சிகிட்டே இருக்கோம். ஒரு டீவியேஷனை மூணு தடவைக்கு மேல புதுப்பிக்கக் கூடாது சார். அப்படி வந்தா தப்பு பார்ட்ல இல்ல, ட்ராயிங்ல.”

மாதா கடவுள் இல்லை, அவருக்கு வணக்கம்தான், ஆராதனை கடவுளுக்கு மட்டும் என்று ஃபாதர் நிதானமாக விளக்குவார். டேக் சார் செபமாலையை எடுத்துக் காட்டுவார். பத்து மணி அம்மாவுக்கு, அதற்கு ஒரு மணி அப்பாவுக்கு. ப்ரொடக்ஷன் ரிப்போர்ட் என்ன சொல்கிறது ஃபாதர் என்பார். ஃபாதர் சிரித்துக்கொண்டே பிஸ்கெட் எடுப்பார். ஒரு முறை என்னோடு திருநீர்மலைக்கு வந்தவர், தாயாருக்குத் தனிச் சன்னிதி இருப்பதைப் பார்த்துவிட்டு, கேட்க வேண்டியவர்களிடம் எல்லாம் விசாரித்து நோட்டில் குறித்துக்கொண்டார். அன்றைக்கு மலை இறங்கும்போது என் மதத்துக்குப் பச்சை அட்டை கிடைத்துவிடும் என்றுதான் நினைத்தேன். தாயார் ஏன் வெளியே வருவதில்லை என்று ஆரம்பித்து அதையும் மஞ்சளில் நிறுத்திவிட்டார்.

இந்தக் கூட்டங்களில் ஸ்டெல்லா அக்கா வாய் திறந்து நான் கேட்டதில்லை. சானடோரியம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே டீ போடுவார், டம்ளர் கழுவுவார், நாற்காலி மடக்குவார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் அக்கா என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். மாதாகிட்ட நான் நேரா பேசிக்கறேன் சார், அவர் அளந்து முடிச்சிட்டு வரட்டும் என்றார்.

டேக் சாருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. செப்டம்பரில் மாதா திருவிழாவின் கடைசி நாள் தேர் பவனி முடிந்ததும், பங்கு ஜனம் மொத்தமும் மெழுகுவத்தியோடு மைதானத்தில் நிற்கும். அப்போது மைக்கில் ஐந்து நிமிஷம். எபேசுவையும் ஜெர்மனியையும் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைக்காரர்கள் ஆறு வருஷமாகப் பார்க்கலாம் என்றார்கள். ஏழாவது வருஷம் ஃபாதருக்கு அடுத்த மே மாதத்தில் மாற்றல் என்று தெரிந்துவிட்டது. அடுத்து வருகிறவர் சிவப்பு அட்டையைப் புத்தகத்தில் வைத்துக்கொள்ளும் ரகமாக இருப்பார் என்று என்ன நிச்சயம். அந்த வருஷம் விட்டால் போச்சு.

ஃபாதர் ஒரு நிபந்தனை போட்டார். முந்தைய வருஷம் தேர் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பி, வேளச்சேரி ரோட்டில் பஸ் எல்லாம் நின்று, போலீஸ்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். இந்தத் தடவை தேர் ஏற்பாட்டை டேக் சார் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு மணிக்குத் தேர் வாசலைத் தாண்டினால் மைக் அவருக்கு.

நல்ல மனிதர் ஃபாதர். ஆனால் யாரிடம் என்ன சொல்கிறோம் என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

டேக் சார் ப்ராசஸ் ஷீட் போட்டார். கார் கம்பெனியில் எந்த வேலைக்கும் அப்படி ஒரு தாள் உண்டு. முதலில் என்ன, அடுத்து என்ன, யார், எத்தனை நிமிஷம் என்று வரிசையாக இருக்கும். ஒரு வரிக்கு ஒரு ஆபரேஷன். மாதா தேருக்கு மொத்தம் நாற்பத்திரண்டு ஆபரேஷன். சக்கரத்துக்கு கிரீஸ், ஜெனரேட்டருக்கு டீசல், சீரியல் செட், பூ, பேண்டு, வெடி, தேரில் திரை போடுவது, திரை எடுப்பது, தெரு ஒயர் தேரில் தட்டாமல் மூங்கிலால் தூக்குவது. கீழே சிவப்பு மையில் ஒரு விதி: ஷீட்டில் பெயர் இல்லாதவர் தேர் அருகில் வரக் கூடாது. நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்தார், வாட்ஸப் குழுவில் போட்டார், தன் வீட்டு ஃபிரிட்ஜிலும் ஒட்டினார். எனக்கு ஒரு கடிகாரமும் கைமணியும் கொடுத்தார். நேரம் பார்ப்பது ஆபரேஷன் நாற்பது. மைக்கில் ஐந்து நிமிஷம் ஆனதும் மணி அடிப்பது நாற்பத்திரண்டு.

பேச்சை என்னை வைத்து மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்தார். முதல் நாள் பதினாலு நிமிஷம் வந்தது. மகதலா மரியாவை எடுத்தார். ஞானத்தை எடுத்தார். இங்கிலாந்துப் பெண்ணை எடுக்கும்போது, அவங்க ஏற்கெனவே ஒரு ரூம்ல அடைஞ்சி கிடந்தவங்க சார் என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். கடைசியில் எபேசு, ஜெர்மனி, கோழி மூன்றும் மிஞ்சி, நாலு நிமிஷம் ஐம்பது செகண்டில் வந்து நின்றது.

திருவிழா அன்று எல்லாம் பிசகாமல் நடந்தது. நாலு மணிக்கு நாலு பேர் உள்ளறையிலிருந்து, சுரூபம் என்று இவர்கள் சொல்லும் மாதா சிலையைத் தூக்கிவந்து தேரில் வைத்தார்கள். திரை மூடியது. பூ ஏறியது. ஐந்தேகாலுக்கு ஆபரேஷன் முப்பத்தொன்று, விளக்கு சரிபார்ப்பு. ஜெனரேட்டர்காரர் திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், மாதாவுக்குப் பொடவை கட்லியா? அப்டியே கீது.”

எங்கள் பக்கத்தில் மாதாவுக்குப் புடவை கட்டாமல் தேர் கிளம்பாது. நவநாள் ஒன்பது நாளும் பெண்கள் புடவை கொண்டுவந்து வைப்பார்கள். அதில் ஒன்றை உடுத்தித்தான் மாதா வெளியே வருவார். அதைப் பார்க்கத்தான் பாதி ஜனம் வரும், என் மாதிரி வெளி ஆட்களும் சேர்த்து. டேக் சார் ஓடிப்போய்ப் பார்த்தார். வெறும் சாந்துச் சுரூபம், நீல பெயிண்ட் அங்கங்கே உதிர்ந்து நின்றுகொண்டிருந்தது. தூக்கிவந்த நாலு பேரையும் கூப்பிட்டு விசாரித்தார். புடவை இல்லை என்பதை நாலு பேரும் கவனித்திருந்தார்கள். அவர்களுடைய ஆபரேஷனில் தூக்குவதும் இறக்குவதும் மட்டுமே இருந்ததால் சொல்லவில்லை.

இரண்டு பேரவைக்காரர்கள் எங்கிருந்தோ ஒரு புடவையைக் கொண்டுவந்து தாங்களே கட்டிப் பார்த்தார்கள். சுரூபத்தின் இடது கையில் இரண்டு விரல் ஏற்கெனவே உடைந்து ஒட்டியது. எந்த இடத்தில் துணி பட்டால் விரல் வரும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பயந்து பயந்து சுற்றினார்கள். ஜெனரேட்டர்காரர் பார்த்துவிட்டு, இன்னா சார், மாதாவுக்கு அடி கிடி பட்ருச்சா என்று கேட்டார். அவிழ்த்துவிட்டார்கள்.

வருஷா வருஷம் யார் கட்டுவது என்று டேக் சார் கேட்டார். பூக்காரம்மா அவரை ஒரு மாதிரி பார்த்து, உங்க வூட்லதான் என்றாள்.

வீடு இரண்டு தெரு தள்ளி. அவர் முன்னால் ஓட, நான் கடிகாரமும் மணியுமாகப் பின்னால் ஓடினேன். ஸ்டெல்லா அக்கா ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

“ஸ்டெல்லா, மாதாவுக்குப் புடவை கட்டல.”

“ஷீட்ல பாருங்க. யாருன்னு போட்டிருக்கும்.”

அவர் போய் ஃபிரிட்ஜில் இருந்த தாளை விரல் வைத்து ஒன்றிலிருந்து நாற்பத்திரண்டு வரை படித்தார். நிஜமாகவே படித்தார். நானும் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். இல்லை.

“என் பேரும் இல்ல. பேர் இல்லாதவங்க தேர்கிட்ட வரக் கூடாதுன்னு சிவப்புல எழுதியிருக்கு. அதான் உக்காந்திருக்கேன்.”

“நீ கட்டறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? திருவிழா அன்னிக்கு நீ காலையில பூசைக்குத்தானே போவ?”

“பூசை ஆறரைக்கு. பதினோரு வருஷமா நாலரைக்கு எழுந்து போறேன். ரெண்டு மணி நேரம் கோயில் கதவையா காவல் காத்தேன்?”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். பதினோரு வருஷமும் அவர் தேரைப் பார்க்கும்போது மாதா புடவையோடுதான் நின்றிருக்கிறார். அதை ஒருவர் கட்டியிருப்பார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இட்லியில் அரை மில்லி குறைந்தால் கண்டுபிடிக்கிற மனிதர். எபேசுவில் யார் அம்மாவை விட்டார்கள், யார் சேர்த்தார்கள் என்று பெயர் பெயராகச் சொல்கிற மனிதர். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

மணி ஐந்து முப்பத்திரண்டு. டேக் சார் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து, டைனிங் டேபிளில் வைத்து எழுதினார். பொருள் என்ற இடத்தில் தன் பெயர். குறை என்ற இடத்தில், ஆபரேஷன் விட்டுப்போனது. நூலைச் சட்டைப் பொத்தானில் கட்டிக்கொண்டார். ஸ்டெல்லா அக்கா எழுந்து வந்து அட்டையைத் திருப்பிப் படித்தார்.

“காரணம் காலியா இருக்கே.”

அவர் பேனா மூடியை மறுபடி திறந்தார். மனித மறதி, அவசரம் என்று அவருக்குத் தெரிந்த காரணங்கள் நிறைய உண்டு. முப்பத்தொரு வருஷம் அதைத்தானே எழுதினார். கடைசியில் ஒரே வார்த்தை எழுதினார். ‘பார்க்கவில்லை.’

ஸ்டெல்லா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பீரோ சாவியை எடுத்தார். புடவையை முந்தின நாளே தேய்த்து வைத்திருந்தார் என்பதை நான் பார்த்தேன். வெளிர் நீலப் பட்டு.

தேரில் ஏறியதும் முதல் வேலையாக எல்லா ஆண்களையும் கீழே இறங்கச் சொன்னார். பிறகு, நீங்க மட்டும் இருங்க என்று டேக் சாரை நிறுத்திக்கொண்டார். திரைக்கு வெளியே எங்களுக்கு அவர் குரல் மட்டும் கேட்டது. பின் குடுங்க. அதில்ல, சின்னது. கொசுவத்தைப் புடிங்க, அளக்காதீங்க, புடிங்க. விரலை விட்டுட்டு மணிக்கட்டுல சுத்தணும், பாத்துக்குங்க. பேண்டுக்காரர்கள் மூச்சு விடாமல் நின்றார்கள். திரை விலகியபோது கூட்டத்தில் பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. மாதா பார்க்க அவ்வளவு அழகாக இருந்தார். பக்கத்தில் பின் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சட்டையில் சிவப்பு அட்டையோடு டேக் சார் நின்றார்.

தேர் வாசலைத் தாண்டும்போது மணி ஆறு நாலு. நேரம் பார்ப்பவன் நான். ஃபாதர் வந்து கேட்டார். பொய் சொல்லியிருப்பேன், ஆனால் டேக் சார் பக்கத்தில் நின்று என் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு நாலு என்றேன். டேக் சார் தலையைக் குனிந்துகொண்டார். ஃபாதர் என்னையும் அவரையும் அந்த அட்டையையும் பார்த்தார்.

“நாலு நிமிஷம்தானே. டீவியேஷன் போட்டுக்கலாம், விடுங்க” என்றார்.

தேர் ஏழேகாலுக்கு மைதானத்துக்குத் திரும்பியது. மெழுகுவத்திகளோடு ஜனம் நின்றது. டேக் சார் மைக் முன்னால் போய் நின்று, பேச்சு எழுதிய தாளை எடுக்காமல் ப்ராசஸ் ஷீட்டை எடுத்தார்.

“என் ஷீட்ல ஒரு தப்பு. மாதாவுக்குப் புடவை கட்டறது பதினோரு வருஷமா ஸ்டெல்லா. என் வீட்டுக்காரம்மா. கோயில் வரலாற்றுல அம்மாவை யாரு விட்டாங்கன்னு ஊரெல்லாம் தேடினவன் நான். என் ஷீட்ல விட்டது நான்தான். இப்ப எழுதிக்கிறேன்.”

பேனாவைத் திறந்து, மைக் ஸ்டாண்டிலேயே தாளை வைத்து எழுதினார். மைக்கில் பேனா கீறுவது கேட்டது. ஆபரேஷன் ஒன்று என்று படித்துக் காட்டிவிட்டு, மீதி நாற்பத்திரண்டும் ஒவ்வொரு எண் கீழே இறங்கும் என்று அறிவித்தார். ஸ்டெல்லா அக்கா பெண்கள் பக்கம் நின்று, முந்தானையால் நெற்றியை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதோடு இறங்கியிருந்தால் அவர் டேக் சார் இல்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, எபேசுன்னு ஒரு ஊர் என்று ஆரம்பித்தார். மணி என் கையில் இருந்தது. ஐந்து நிமிஷம் ஆனபோது ஆயர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழு நிமிஷத்தில்தான் ஊர் ஜனம் தீவட்டியை ஏற்றியது. கீழே செம்பாக்கம் ஜனம் மெழுகுவத்தியோடு கேட்டுக்கொண்டிருந்தது. கோழிக்கு வரும்போது ஒன்பது நிமிஷம். ஆபரேஷன் நாற்பத்திரண்டை நான் செய்யவில்லை. ஃபாதரும் என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் டேக் சார் மாடிக்கு ஓடிவந்தார். அவருடைய சட்டை மாட்டும் ஆணியில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கியிருக்கிறது. நர்ஸ் கையெழுத்தில் தெளிவாக எழுதியிருந்தது. பொருள்: என் வீட்டுக்காரர். ட்ராயிங்குக்கு ஒத்து வராது. ஓடும். கெடு: அடுத்த திருவிழா வரை. கையெழுத்து போட்டிருக்கா பாருங்க சார், கையெழுத்து போட்டிருக்கா என்று இரண்டு தடவை சொன்னார்.

அதற்கப்புறம் நான் பெருங்களத்தூருக்கு வீடு மாறிவிட்டேன். ஃபாதரும் மாற்றலாகிப் போய்விட்டார். ஆனால் செப்டம்பர் வந்தால், எனக்குச் சம்பந்தமே இல்லாத அந்தத் திருவிழாவுக்குப் போய்விடுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் புடவை கட்டுகிறார்கள். அவர் இன்னும் பின் டப்பாதான். மஞ்சள் அட்டை மூன்று தடவை புதுப்பிக்கப்பட்டது. இந்த வருஷம் ஸ்டெல்லா அக்காவைத் தனியாகப் பிடித்து, மூன்றுக்கு மேல் புதுப்பிக்கக் கூடாதே, இனி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“அதான் ட்ராயிங்கை மாத்திட்டேன் சார்” என்றார்.

அக்கா எழுதிக் கொடுத்த பச்சை அட்டை இப்போது டேக் சார் சட்டைப் பையில், ஜெர்மனிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் எடுத்துக் காட்டுகிறார். எனக்கு மட்டும் நாலு தடவை காட்டிவிட்டார். ஐந்தாவது தடவை பார்க்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.